குப்பையைக் குறைப்பது யார் வேலை?

(திருத்தணியில் இளைஞர்கள் சிலர் கூடி நடத்திய கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சின் போக்கு மாறாமல் சில இடங்களை மட்டும் திருத்தியிருக்கிறேன்.)



உள்ளாட்சியும் குப்பை மேலாண்மையும் என்ற தலைப்பில் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். என் முனைவர் பட்ட ஆய்வும் இதைப் பற்றியதுதான். ஆனால் ஆய்வேட்டில் எழுதுகிற மாதிரி இங்கே பேசப்போவதில்லை. உங்கள் அழைப்பிதழின் கீழே ஒரு வரி இருந்தது: 'குப்பையைக் குறைப்பது நம் ஒவ்வொருவரின் கடமை.' அந்த வரியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். அந்த 'நாம்' யார்?

முதலில் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் அம்மா தூய்மைப் பணியாளர். வட மாவட்டத்து நகராட்சி ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவர். பெரிய திருவிழா வந்தால் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து தூய்மைப் பணியாளர்களைக் கூட்டிப்போவது நம் ஊர்களில் வழக்கம். நான் ஏழாவது படிக்கும்போது அப்படி ஒரு திருவிழாவுக்கு அம்மாவோடு லாரியில் போனேன். எந்த ஊர், எந்தக் கோயில் என்று சொல்லப்போவதில்லை. எந்த ஊராக இருந்தாலும் கதை இதுதான்.

ராத்திரி முழுக்கப் பாட்டும் மேளமும். விடியற்காலை மூன்று மணிக்கு எங்கள் ஆட்களை எழுப்பிவிட்டார்கள். பக்தர்கள் எழுந்து வருவதற்குள் தெரு சுத்தமாக இருக்க வேண்டும் என்று உத்தரவு. சாப்பிட்ட வாழை இலை, பூமாலை, காகிதத் தட்டு, தண்ணீர் பாட்டில் எல்லாம் ஒன்றாகக் குழைந்து கிடந்தது. கையுறை கிடையாது. இலைக்கு நடுவே உடைந்த கண்ணாடி பாட்டில் ஒன்று இருந்திருக்கிறது. அம்மாவின் உள்ளங்கை கிழிந்துவிட்டது. முந்தானையைக் கிழித்துக் கட்டிக்கொண்டு ஒன்பது மணிவரை வேலை பார்த்தார். ஊருக்குத் திரும்பி நான்கு நாள் வேலைக்குப் போகமுடியவில்லை. அந்த நான்கு நாளுக்கும் சம்பளம் கிடையாது, ஒப்பந்தக்காரர் பிடித்துக்கொண்டார்.

வேலை முடிந்ததும், "கோயிலுக்குள்ள போயிட்டு வரலாமா?" என்று கேட்டேன். அங்கே யாரும் எங்களைத் தடுக்கவில்லை. ஆனால் அம்மா தன் புடவையைக் காட்டி, "இதோட எப்படிடா போறது?" என்றார். தெலுங்கில்தான் சொன்னார், எங்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு. அன்று தெருமுனையில் 'குப்பையைக் குறைப்போம், ஊரைக் காப்போம்' என்று ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். அதை எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினேன். அம்மா சிரித்துவிட்டு, "அவங்க கொறைச்சா எனக்கு இடுப்பு வலி கொறையும்" என்றார்.

என் ஆய்வுக்காகப் பல அறிக்கைகளைப் படித்துவிட்டேன். இதைவிடச் சுருக்கமாக ஒரு விளக்கம் கிடைக்கவில்லை. குப்பையைக் குறைப்பது என்றால் யாரோ ஒருவரின் உடம்பிலிருந்து சுமையை இறக்குவது. அந்த உடம்பு யாருடையது என்று கேட்காமல் எந்தத் திட்டம் போட்டாலும் அது பேனரோடு நின்றுவிடும்.

இந்தப் பேச்சை ஏன் திருத்தணியில் பேசவேண்டும்? உங்கள் ஊருக்கு எல்லையைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திரம் தனி மாநிலமானபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போனது. மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்தின் விளைவாக, 1960 ஏப்ரல் 1-ல் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. எது தமிழ் ஊர், எது தெலுங்கு ஊர் என்று ஊர் ஊராகக் கணக்கெடுத்துப் போட்ட கோடு அது.

அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் துடைப்பம் யார் கையில் இருந்தது என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 2009-ல் அருந்ததியர் உள் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. அதில் ஏழு சாதிப் பெயர்கள் உண்டு: அருந்ததியர், ஆதி ஆந்திரர், சக்கிலியர், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி. இதில் மாதிகா ஆந்திரத்திலும் பெரிய சாதி. 1994-ல் உள் ஒதுக்கீட்டுக்காகத் தண்டோரா போட்டுக் கிளம்பியவர்கள் அவர்கள்தான். கடைசிப் பெயரைக் கவனியுங்கள், தோட்டி. அது ஒரு வேலையின் பெயர். அரசின் பட்டியலிலேயே வேலையின் பெயர் சாதியின் பெயராக இருக்கிறது. மாநில எல்லையை எங்கே போடுவது என்று அவ்வளவு பெரிய சண்டை நடந்தது. இந்தப் பக்கம் வந்தாலும் அந்தப் பக்கம் போனாலும் எங்கள் ஆட்களுக்கு வேலை மாறவில்லை.

இது பழைய கதை என்று நினைக்காதீர்கள். சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி வேலை செய்பவர்களைப் பற்றி ஒன்றிய அரசு எடுத்த கணக்கெடுப்பின் விவரம் 2024-ல் வெளிவந்தது. 29 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் சுமார் 38,000 பேரைக் கணக்கெடுத்திருந்தார்கள். அதில் கிட்டத்தட்ட 92 விழுக்காட்டினர் பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். பட்டியல் சாதியினர் மட்டும் 68.9 விழுக்காடு. 1945-ல் வெளிவந்த 'காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதவர்களுக்குச் செய்தது என்ன?' என்ற நூலில் அம்பேத்கர் இதைத்தான் விளக்குகிறார்: இந்த நாட்டில் ஒருவர் துப்புரவுத் தொழிலாளி என்று ஆவது அவர் பார்க்கும் வேலையால் அல்ல, பிறப்பால், அந்த வேலையை அவர் பார்க்காவிட்டாலும் அந்தப் பெயர் அவரை விடாது. துப்புரவுப் பணியாளர் என்பதைத் தூய்மைப் பணியாளர் என்று இப்போது மாற்றியிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்த 68.9-ஐப் பெயர் மாற்றத்தால் குறைக்க முடியாது.

சரி, உள்ளாட்சிகள் எதுவுமே செய்யவில்லையா? செய்கின்றன. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாக இருக்காது. வீடு வீடாகக் குப்பை வாங்குகிறார்கள். தள்ளுவண்டி போய் பேட்டரி வண்டி வந்திருக்கிறது. மக்கும் குப்பையை உரமாக்க நுண் உரக்கூடங்கள் கட்டியிருக்கிறார்கள். 2019 ஜனவரி 1 முதல் 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. சட்டம் என்று பார்த்தால், 2016 ஏப்ரலில் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வந்தன. வீட்டிலேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை, ஆபத்தான குப்பை என்று மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும் என்பது அதன் அடிப்படையாக இருந்தது.

இந்த விதிகள் வந்து பல வருடம் ஆகிவிட்டது. உங்கள் தெருவில் எத்தனை வீட்டில் பிரித்துக் கொடுக்கிறார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். பிரிக்காத வீட்டுக் குப்பையைக் கடைசியில் பிரிப்பது யார்? வண்டியோடு வருகிற அக்காதான். சோற்றுக்குள் கிடக்கும் பிளாஸ்டிக்கைக் கையால் எடுக்கிறார். செய்தித்தாளில் சுற்றிய நாப்கினைக் கையால் எடுக்கிறார். நாப்கின் தயாரிக்கும் கம்பெனிகள் அதைச் சுற்றிப் போட உறையும் சேர்த்துத் தர வேண்டும் என்று அதே விதிகளில் இருந்தது. எத்தனை பேருக்குத் தெரியும்?

பத்து வருடமாக இதற்கு அரசு சொல்லும் காரணம், மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்பது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விழிப்புணர்வு இல்லாமல் யாரும் பிரிக்காமல் இருக்கவில்லை. பிரிப்பதற்கென்று ஒரு சாதி இருக்கிறது என்ற நம்பிக்கையில் இருக்கிறார்கள். தன் வீட்டு எச்சிலைத் தானே தொட்டுப் பிரிப்பதைக் கேவலமாக நினைக்கும் சமூகம் இது. கல்லூரி மாணவர்கள் கையுறை போட்டுக்கொண்டு இரண்டு மணிநேரம் குப்பை பொறுக்குவார்கள், போட்டோ எடுப்பார்கள், மூட்டைகளைச் சாலையோரம் அடுக்கிவிட்டுப் போவார்கள். மறுநாள் அந்த மூட்டையை வந்து தூக்குவது யார்? நானும் மாணவனாக இருந்தபோது அந்தப் போட்டோவில் நின்றிருக்கிறேன். சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

விழிப்புணர்வு என்ற சொல்லைவிடப் பத்து ரூபாய் நன்றாக வேலை செய்த ஒரு எடுத்துக்காட்டு தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. நீலகிரியில் காலி மதுபாட்டில்கள் காட்டில் கிடந்து யானைகளின் காலைக் கிழித்துக்கொண்டிருந்தன. உயர்நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2022-ல் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாயைத் திருப்பித் தரத் தொடங்கினார்கள். பாட்டில்கள் திரும்பி வந்தன. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுபோனார்கள். அந்தக் கூடுதல் வேலையை ஆள் சேர்க்காமல் கடை ஊழியர் தலையிலேயே கட்டியதால் அவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்த எதிர்ப்பு நியாயமானது. ஆனாலும் பாடம் தெளிவாக இருக்கிறது. பொருளை விற்றவரிடமே அது திரும்பிப் போக ஒரு வழி செய்தால் குப்பை குறைகிறது. யானையின் கால் கிழிந்ததற்கு நீதிமன்றம் வந்தது, நல்லது. என் அம்மாவின் கை கிழிந்ததற்கு யாரும் வரவில்லை.

பிளாஸ்டிக் தடையிலும் இதே கேள்விதான். கோயில் அடிவாரத்தில் பூ விற்கும் அம்மாவிடம் கேரி பேக் இருந்தால் பறிமுதல், அபராதம். அதே கடைத்தெருவில் சரம் சரமாகத் தொங்கும் சிப்ஸ், பிஸ்கட், ஷாம்பு பாக்கெட்டுகளை யாரும் தொடுவதில்லை. தடை வந்தபோது கம்பெனிப் பொட்டலங்களுக்கு விலக்கு இருந்தது. 2020-ல் அந்த விலக்கை அரசாணையில் எடுத்தார்கள், கடைத்தெருவில் எதுவும் மாறவில்லை. பல அடுக்கு பிளாஸ்டிக்கில் செய்த அந்தப் பாக்கெட்டைக் காயலான் கடையில்கூட வாங்கமாட்டார்கள். அது கடைசியில் குப்பைமேட்டுக்குத்தான் போகும், அல்லது எரியும். பூக்காரம்மாவின் பையைக் குறைப்பது சுலபம். கம்பெனியின் பாக்கெட்டைக் குறைக்க அதிகாரத்தோடு மோத வேண்டும்.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். குப்பையை யார் தூக்குகிறார்கள் என்று பார்த்தோம். தூக்கியது எங்கே போகிறது?

மறுபடியும் எல்லைக்கதைதான். 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவுகள் திருநெல்வேலி மாவட்டத்தில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கொட்டப்பட்டிருந்தது தெரியவந்தது. தமிழ்நாடே கொதித்தது. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, கேரளமே மூன்று நாளில் அதை அள்ளிக்கொண்டு போகவேண்டும் என்று உத்தரவிட்டது. கேரளத்து அதிகாரிகள் லாரிகளோடு வந்து திரும்ப ஏற்றிச் சென்றார்கள். நல்ல தீர்ப்பு. உன் குப்பைக்கு நீதான் பொறுப்பு, உன் எல்லைக்குள் வைத்துக்கொள் என்று சொன்ன தீர்ப்பு.

அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. மாநில எல்லையைத் தாண்டி வந்த குப்பைக்கு ஒரே வாரத்தில் லாரி திரும்பியது. ஆனால் ஊருக்கும் சேரிக்கும் நடுவே ஒரு எல்லை இருக்கிறதே, அதைத் தாண்டி ஊர்க் குப்பை தினமும் போகிறதே, அதற்கு என்றைக்காவது ஒரு லாரி திரும்பியிருக்கிறதா?

தீண்டப்படாதவர்கள் ஊருக்கு வெளியே, அதிலும் தென்திசையில் குடியிருக்க வேண்டும் என்று வைத்திருந்ததை அம்பேத்கர் இந்திய கிராமத்தின் விதிகளில் ஒன்றாகக் குறிப்பிடுகிறார். நாலு திசையில் தெற்குதான் மங்கலமற்றது என்பதால் அந்த ஏற்பாடு. பிறகு பேரூராட்சி வந்தது, நகராட்சி வந்தது. குப்பை கொட்ட 'ஊருக்கு வெளியே' ஒரு புறம்போக்கைத் தேடினார்கள். ஊருக்கு வெளியே ஏற்கனவே யார் இருந்தார்கள்? குப்பைக்கிடங்கு வீடுகளிலிருந்து 200 மீட்டர், குளத்திலிருந்து 200 மீட்டர், ஆற்றிலிருந்து 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று 2016 விதிகள் அளவு சொல்லியிருந்தன. மீட்டருக்கு அளவு இருந்தது. ஊரின் எந்த ஓரம் என்பதற்கு விதியில் அளவு கிடையாது. அதைச் சாதி தீர்மானிக்கிறது. சென்னைக்குக் கொடுங்கையூர், கோவைக்கு வெள்ளலூர். அந்த மலைகளின் அடியில் யார் வீடு இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை வேண்டாம் என்று வடசென்னை மக்கள் 2025-ல் போராடினார்கள். ஊர்க் குப்பையை இத்தனை வருடம் பார்த்தது போதாதென்று அதன் புகையையும் சுவாசிக்கச் சொல்கிறீர்களா என்று கேட்டார்கள்.

இது இங்கே மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் வாரன் என்றொரு மாவட்டம். அன்று கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த இடம். 1982-ல் நச்சுக் கழிவு கலந்த மண்ணைக் கொட்ட அந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். மக்கள் லாரிகளுக்கு முன்னால் சாலையில் படுத்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். குப்பைக்கிடங்கை அன்று தடுக்க முடியவில்லை. ஆனால் 1987-ல், நச்சுக் கழிவு எங்கே கொட்டப்படுகிறது என்பதை நாடு முழுக்க ஆராய்ந்து ஒரு திருச்சபையின் ஆணையம் அறிக்கை வெளியிட்டது. இடத்தைத் தீர்மானிப்பதில் மற்ற காரணங்களைவிட நிறம்தான் முன்னால் நிற்கிறது என்று அது காட்டியது. சுற்றுச்சூழல் நீதி என்ற சொல் அங்கிருந்து பரவியது. நம் ஊரில் அப்படி ஒரு வரைபடம் இன்னும் யாரும் போடவில்லை. ஒவ்வொரு நகராட்சியின் குப்பைக்கிடங்கும் எந்தச் சாதிக் குடியிருப்பிலிருந்து எத்தனை மீட்டர்? இங்கே உட்கார்ந்திருக்கும் பத்துப் பேர் சேர்ந்தால் திருவள்ளூர் மாவட்டத்துக்கு அதைப் போட்டுவிடலாம். நான் கூட வருகிறேன்.

இதில் சிக்கலான ஒரு இடம் இருக்கிறது, அதைத் தாண்டிப் போகக் கூடாது. பெரிய குப்பைமேடு வேண்டாம், வார்டுக்கு வார்டு சின்ன உரக்கூடம் வேண்டும் என்று சூழலியலாளர்கள் சொல்கிறார்கள், நானும் சொல்கிறேன். அப்படி ஒன்று கட்டப்போனால், "எங்கள் தெருவில் வேண்டாம்" என்று மனு வரும். நாறும், ஈ மொய்க்கும் என்பார்கள். பிரிக்காத குப்பையைக் கொண்டுவந்து கொட்டினால் நாறத்தான் செய்யும், அதுவரை அவர்கள் சொல்வது சரி. ஆனால் அந்த மனு ஜெயித்த பிறகு உரக்கூடம் எங்கே போகிறது? மனு போட்டாலும் யாரும் படிக்காத காலனிக்குப் போகிறது. காலனிக்காரர்கள் எதிர்த்தால் மட்டும், 'வளர்ச்சிக்குத் தடை' என்கிறார்கள். ஆகவே எங்கள் மக்கள் உரக்கூடத்தை எதிர்க்கும்போது, "இவர்களுக்குச் சூழலியல் புரியவில்லை" என்று சொல்லிவிடாதீர்கள். அவர்களுக்குத்தான் அது நன்றாகப் புரிந்திருக்கிறது.

இதற்கு வழி, குப்பை உண்டாகும் இடத்திலேயே அதை முடிப்பது. சந்தைகளும் பெரிய குடியிருப்பு வளாகங்களும் உணவகங்களும் மக்கும் குப்பையை இயன்றவரை தங்கள் வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ ஆக்க வேண்டும் என்று 2016 விதிகளிலேயே இருந்தது. ஒரு நாளைக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் இடங்களைப் பெருமளவு குப்பை உண்டாக்குவோர் என்று அந்த விதிகள் தனியாக வகைப்படுத்தின. அந்தப் பட்டியலில் மருத்துவமனை, கல்லூரி, ஓட்டல், சந்தையோடு வழிபாட்டுத் தலங்களும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருந்தன. உரிமம் பெறாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை நடத்துவோர் மூன்று வேலைநாளுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவித்து, குப்பையைப் பிரித்துக் கொடுக்கவும் வேண்டும் என்று அவை சொல்லின.

இதைத் திருத்தணிக்குப் பொருத்திப் பாருங்கள். ஆடிக் கிருத்திகைக்கு எத்தனை காவடி வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். காவடியில் கட்டிய பூ, அன்னதானத்து இலை, தண்ணீர் பாட்டில் எல்லாம் எங்கே போகிறது? சரவணப் பொய்கையையும் மலைப்படிகளையும் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் அக்கறை இருக்கிறது. அங்கிருந்து எடுத்தது எந்த இடத்தை அசுத்தமாக்கப் போகிறது என்ற அக்கறையும் அதோடு சேர வேண்டும். மலையைச் சுத்தம் செய்து காலனியில் கொட்டினால் குப்பை குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. தீட்டு என்ற ஏற்பாடும் இப்படித்தான் வேலை செய்கிறது. ஓரிடத்தின் தூய்மைக்காக இன்னோர் இடமும் அங்கிருக்கும் மனிதர்களும் அசுத்தமாக வைக்கப்படுகிறார்கள்.

தண்ணீருக்கு ஊரும் சேரியும் தெரியாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். உங்கள் நந்தியாறு கொசஸ்தலையாற்றில் சேர்கிறது. கொசஸ்தலையாறு பூண்டி ஏரிக்குப் போகிறது. பூண்டித் தண்ணீரைச் சென்னை குடிக்கிறது. ஆற்றின் கடைசி எண்ணூர், அங்கே அனல்மின் நிலையச் சாம்பலோடு மீனவ மக்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். திருத்தணியில் ஓடையில் தள்ளியது யார் வீட்டுக் குழாயில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கடைசியாக, வேலை செய்யும் மனிதர்களின் உரிமை. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தார்களே, நினைவிருக்கிறதா? இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்த போராட்டம். அதில் பெரும்பாலோர் பெண்கள். சுமார் 23,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்த சம்பளம் தனியாரிடம் போனால் பல ஆயிரம் குறையும், பணி நிரந்தரம் என்ற பேச்சே இருக்காது என்றார்கள். 13 நாள் வெயிலிலும் மழையிலும் இருந்தார்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் அவர்களைக் கைது செய்து அப்புறப்படுத்தினார்கள். மறுநாள் அரசு அவர்களுக்குக் காலை உணவு உள்ளிட்ட நலத்திட்டங்களை அறிவித்தது. சாப்பாடு வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் அவர்கள் கேட்டது வேலை.

சுற்றுச்சூழல் பேசும் நம் நண்பர்கள் பலர் அந்தப் பதின்மூன்று நாளும் அமைதியாக இருந்தார்கள். அது தொழிற்சங்கப் பிரச்சினை, நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நினைத்தார்கள். நான் அதை நேர் எதிராகப் பார்க்கிறேன். எடைக்குப் பணம் வாங்கும் ஒப்பந்தக்காரருக்குக் குப்பை கூடினால் லாபம். அவர் ஏன் குப்பையைக் குறைக்கப் பார்க்கப்போகிறார்? தொழிலாளிக்குத்தான் குப்பை குறைய வேண்டும், இடுப்பு வலி அவருக்கு. வேலை நிரந்தரமாக இருந்தால் அவரால், "பிரிக்காமல் கொடுத்தால் வாங்கமாட்டேன்" என்று வீட்டு வாசலில் நின்று சொல்ல முடியும். நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாதவர் அப்படிச் சொல்ல முடியாது. சொன்னால் கவுன்சிலருக்குப் போன் போகும்.

மறுக்கும் உரிமைதான் சாதி ஒழிப்பின் அடி. 2016-ல் குஜராத்தில் ஊனா என்ற ஊரில், செத்த மாட்டின் தோலை உரித்ததற்காகத் தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். பிறகு என்ன நடந்தது? சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலகத்தின் முன் செத்த மாடுகளைக் கொண்டுவந்து போட்டார்கள் தலித் மக்கள். இனிமேல் எடுக்கமாட்டோம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மாட்டின் வாலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு நிலத்தைக் கொடுங்கள் என்று கேட்டார்கள். இத்தனை நாளாக யாருடைய வேலையை யார் செய்தார்கள் என்பது அன்று குஜராத்துக்குத் தெரிந்தது.

ஆக, நாம் திருத்தணியில் என்ன செய்யலாம்? நகர்ப்புற உள்ளாட்சிகளில் வார்டுக்கு வார்டு பகுதி சபை கூட்ட வேண்டும் என்று 2022 முதல் விதி இருக்கிறது. வருடத்துக்கு நான்கு நாள்: ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாள், டிசம்பர் 10 மனித உரிமை நாள். வருகிற டிசம்பர் 10-க்கும், 365 படிகளிலும் பாடிக்கொண்டு ஏறும் டிசம்பர் 31 படித் திருவிழாவுக்கும் நடுவே மூன்று வாரம் இருக்கிறது. அன்று உங்கள் வார்டில் போய் உட்கார்ந்து நாலு கேள்வி கேளுங்கள்.

ஒன்று, இந்த ஊரில் நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்குவோர் பட்டியல் எங்கே? கோயில், திருமண மண்டபம், ஓட்டல், சந்தை என்று பெயர் பெயராக எழுதிப் பலகையில் வையுங்கள். அவரவர் மக்கும் குப்பையை அவரவர் இடத்தில் முடிக்க நாள் குறியுங்கள்.

இரண்டு, எங்கள் குப்பை எந்த இடத்தில் கொட்டப்படுகிறது, பக்கத்துக் குடியிருப்பு யாருடையது, எத்தனை மீட்டர்? அந்தக் குடியிருப்பின் சம்மதத்தை எப்போது கேட்டீர்கள்?

மூன்று, டிசம்பர் 31 இரவு வேலைக்கு வரும் தூய்மைப் பணியாளர்களுக்குத் தங்க இடம், கழிப்பறை, சூடான சாப்பாடு, கையுறை, பூட்ஸ், பக்கத்திலேயே மருத்துவர், திருவிழா நாளுக்கு இரட்டைச் சம்பளம், இதெல்லாம் உண்டா? காயம்பட்டால் விடுப்புக்குச் சம்பளம் உண்டா? இதை அவர்களைக் கேட்டுத்தான் திட்டமிட்டீர்களா?

நான்கு, அடிவாரக் கடைகளில் தண்ணீர் பாட்டிலுக்கும் பாக்கெட்டுக்கும் திருப்பிக் கொடுத்தால் காசு என்ற ஏற்பாடு ஏன் கூடாது? மது பாட்டிலுக்கு முடிகிறது, தண்ணீர் பாட்டிலுக்கு ஏன் முடியாது? அதற்கான செலவைக் கம்பெனி ஏற்க வேண்டும், பூக்காரம்மாவின் தலையில் கட்டக்கூடாது.

இதைக் கேட்டவுடன் எல்லாம் மாறிவிடாது. முதல் கூட்டத்தில் "குறித்துக்கொண்டோம்" என்பார்கள். ஜனவரி 25-ல் மறுபடி போங்கள். ஏப்ரல் 14-ல் அம்பேத்கர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு நேராக அங்கே போங்கள். அதற்கு முன்னால், நாளைக் காலையிலேயே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டுக் குப்பையை நீங்களே பிரியுங்கள். வீட்டுப் பெண்களிடம் அந்த வேலையைத் தள்ளாதீர்கள், ஆண் தோழர்களுக்குத்தான் குறிப்பாகச் சொல்கிறேன். வண்டி வரும்போது வெளியே வந்து உங்கள் கையாலேயே கொடுங்கள். வருகிற அக்காவின் பெயர் என்ன, எந்த ஊர், எத்தனை வருடமாக ஒப்பந்தத்தில் இருக்கிறார் என்று கேளுங்கள்.

அம்மா இப்போது வேலைக்குப் போவதில்லை. உள்ளங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. இந்தக் கூட்டத்துக்குக் கிளம்பும்போது, "என்ன பேசப்போற?" என்று கேட்டார். குப்பையைக் குறைப்பது பற்றி என்றேன். "பேசி முடிச்சதும் கூட்டத்துல டீ குடிச்ச கப்பெல்லாம் யார் எடுக்கறாங்கன்னு பாத்துட்டு வா" என்றார்.

இதோ பேசி முடித்துவிட்டேன். கப்புகள் உங்கள் நாற்காலிக்குக் கீழேதான் இருக்கின்றன, தோழர்களே. எடுத்துக்கொண்டு எழுந்திருப்போம்.